பைக்குக்குச் சரி, காருக்கு வேண்டாம்: லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடையில் வாங்கி, என்னுடைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பார்த்த லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியைப் பற்றிய மதிப்பீடு இது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் மைத்துனர் அதே கம்பெனியின் பெரிய பேட்டரியைத் தம் காரில் போட்டுப் பிறகு கழற்றிவிட்டார். அதைப் பற்றியும் சொல்கிறேன். விலை, ஈயப் பேட்டரியைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

எடையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். ஈயப் பேட்டரி ஏறக்குறைய மூன்று கிலோ இருக்கும். இது ஒரு கிலோவைத் தொடவில்லை. கையில் வாங்கிப் பார்த்த மெக்கானிக், "அண்ணாச்சி, உள்ளே ஏதாவது இருக்கா, வெறும் டப்பாவைக் கொடுத்துட்டானா?" என்று கேட்டார். ஆனால் 195 கிலோ வண்டியில் இரண்டு கிலோ குறைவதால் பெரிதாக எதுவும் மாறிவிடப் போவதில்லை. பெட்ரோலை மூன்று லிட்டர் குறைத்துப் போட்டாலும் அதே எடை குறைந்துவிடும். உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. செல்ஃப் பட்டனைத் தொட்டவுடன் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது; வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விட்டாலும் பேட்டரி தானாக இறங்குவது மிகக் குறைவு. குளிரில் லித்தியம் சோர்ந்துவிடும் என்பதால், 2010இல் போர்ஷே நிறுவனம் லித்தியம் பேட்டரியை விற்றபோது குளிர்காலத்துக்கென்று சாதாரணப் பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. திருநெல்வேலியில் அந்தக் கவலை நமக்கு இல்லை.

நமக்கு இருக்கிற கவலைகள் வேறு. முதலாவது, உள்ளே இருப்பது எந்த லித்தியம் என்பது. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் உலகம் முழுவதும் பறக்கவிடாமல் நிறுத்திவைக்கப்பட்டதற்குக் காரணமான, சூடேறிப் புகைந்த பேட்டரிகளில் இருந்தது கோபால்ட் ஆக்சைடு வகை. பைக்குகளுக்கென்று விற்கும் நல்ல பேட்டரிகளில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் நிலைக்கு அது போவது அரிது. அரிது என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் செல்லுக்குள் இருக்கும் திரவம் இரண்டு வகையிலும் எரியக்கூடியதுதான். நான் வாங்கிய பேட்டரியின் முன்பக்கத்தில் "12 ஏ.எச்." என்று கொள்ளளவைப் (ஆம்பியர்-அவர்) பெரிதாகவும், அதன் கீழே கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் "ஈயத்துக்கு ஈடாக" என்றும் அச்சிட்டிருக்கிறார்கள், உண்மைக் கொள்ளளவு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். பாஸ்பேட் என்ற சொல் அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தது. அந்தச் சொல் எங்குமே இல்லாத பேட்டரியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பெட்ரோல் டேங்குக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு ஓட்ட நான் தயாராக இல்லை.

இரண்டாவது கவலை பேட்டரியில் இல்லை, வண்டியில் இருக்கிறது. பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சார்ஜ் ஏற்றும்போது 14.6 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போன பைக்கில் அது 15, 16 என்று ஏறிவிடும். ஈயப் பேட்டரியாக இருந்தால் கொதித்து, ஆசிட் நாற்றம் அடித்து, நம்மை எச்சரித்துவிட்டுத்தான் சாகும். லித்தியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. நல்ல பேட்டரிகளுக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் பலகை அப்போது இணைப்பைத் துண்டித்துப் பேட்டரியைக் காப்பாற்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேட்டரி திடீரென்று விலகிக்கொண்டால், அதுவரை அது தாங்கிக்கொண்டிருந்த மின்னழுத்தம் முழுவதும் ஹெட்லைட்டின் மேலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் மேலும் பாயும். கிக்கர் இல்லாத வண்டி மணிமுத்தாறு தாண்டி இப்படி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே பேட்டரியை மாட்டுவதற்கு முன்பு மெக்கானிக்கிடம் மல்டிமீட்டரை வைத்து, ஐட்லிங்கிலும் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்தும் பார்க்கச் சொன்னேன், 14.3 வோல்ட்டை அது தாண்டவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் ரெகுலேட்டரை மாற்றிவிட்டுப் பிறகு பேட்டரியைப் பற்றி யோசிப்பது நல்லது.

மூன்றாவது, நம் கடைகளின் பழக்கம். என் மனக்குறையெல்லாம் இங்கேதான். விற்றவர் நல்ல மனிதர்தான். ஆனால் "நல்லா ஏத்தித் தாரேன்" என்று சொல்லி, லாரி பேட்டரிகள் வரிசையாக நின்ற அதே சார்ஜரில் இதையும் மாட்டப் போனார். ஈயத் தகடுகளில் படியும் சல்பேட்டைக் கரைப்பதற்காக உயர்ந்த மின்னழுத்தத்தை விட்டு விட்டுச் செலுத்தும் சார்ஜர் அது. லித்தியத்துக்கு அது ஆகாது. தடுத்து நிறுத்தினேன். மீட்டர் கணக்கும் மாறுகிறது. 12.7 வோல்ட் காட்டும் ஈயப் பேட்டரி நிறைந்த பேட்டரி, 12.8 காட்டும் பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறங்கிய பேட்டரி. இதை அறியாத மெக்கானிக் "பேட்டரி சூப்பரா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இவற்றிலெல்லாம் மோசமானது, முழுவதும் செத்துப்போன லித்தியம் பேட்டரிக்கு வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்புவது. ஜி.பி.எஸ். கருவியோ அலாரமோ துளித்துளியாக உறிஞ்சி, செல்கள் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும்; மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது, வண்டி கிளம்பிவிடும். ஆபத்து பிறகு வரும். மொத்த மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரியை எழுப்ப முயலாமல் ஒதுக்கிவிடுவதே சரி.

கார் விஷயத்துக்கு வருகிறேன். பைக்கில் பேட்டரி பக்கவாட்டு மூடிக்குள் காற்றோட்டமாக இருக்கிறது. காரிலோ பானட்டுக்குள், இன்ஜினை ஒட்டி இருக்கிறது. சித்திரை வெயிலில் கன்னியாகுமரியிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்து, சாப்பிட நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது மைத்துனரின் காரில் செல்ஃப் எடுக்கவில்லை. பானட்டைத் திறந்து ஆறவிட்ட பிறகுதான் எடுத்தது. இந்த வகைப் பேட்டரிகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் பொதுவான எல்லை. அதற்குமேல் காவல் பலகை துண்டித்துவிட்டது என்றே நினைக்கிறேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஆனால் நடு வழியில் குடும்பத்தோடு நிற்பவருக்கு அதில் என்ன ஆறுதல்? தவிர, பல கார்களின் சார்ஜிங் அமைப்பு ஈயப் பேட்டரியைக் கருதி, சூடு கூடக் கூட மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும்; அதனால் நம் ஊர் வெயிலில் லித்தியம் முழுதாக நிறையாமலே ஓடும்.

ஒருவேளை புகை வந்தால், குனிந்து பார்க்கவோ டெர்மினலைக் கழற்றவோ போகக்கூடாது. அந்த வெள்ளைப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும், புகையே தீப்பிடிக்கவும் செய்யும். விலகி நின்று தீயணைப்பு நிலையத்தை அழைப்பதே வழி. அவர்களும் நிறையத் தண்ணீர் அடித்துச் செல்களைக் குளிரவைப்பார்கள்.

மின்சார ஸ்கூட்டர்கள் 2022இல் தீப்பிடித்த பிறகு கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 என்னும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்கானவை; தனியாக வாங்கிப் பெட்ரோல் வண்டியில் மாட்டும் ஸ்டார்ட்டர் பேட்டரியை அவை கவனிப்பதில்லை. வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். பழைய ஈயப் பேட்டரியை எடைபோட்டு விலையில் கழித்துக்கொண்ட அதே கடையில், இந்த லித்தியம் பேட்டரி ஆயுள் முடிந்தால் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.