கனால் டு மிடி கரையில் நாலு நாள்: பாதைக்கு ஐந்து நட்சத்திரம், வாடகைக் கம்பெனிக்கு மூன்று

கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த குளறுபடிகள் இந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடியவைதான், அதற்காக ஒரு சின்னக் கடையைச் சந்திக்கு இழுக்க மனசு வரவில்லை. நாங்கள் எடுத்தது இது: பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்திலிருந்து பெசியே வரை கனால் டு மிடி கால்வாய்க் கரையோடு நாலு நாள் ஓட்டம், வாடகைக்கு கிராவல் சைக்கிள் (மண்பாதையிலும் சரளையிலும் ஓட்டுவதற்கான அகல டயர் வண்டி), ராத்திரி தங்க ஹோட்டல், காலைச் சாப்பாடு, பெட்டியை ஒரு ஹோட்டலில் எடுத்து அடுத்த ஹோட்டலில் வேனில் கொண்டுபோய் வைப்பது, போனில் வழி காட்டும் வரைபடம். கூட ஆள் வரமாட்டார். ஒருவருக்கு 870 யூரோ. நானும் என் அண்ணன் மகனும் போனோம். அவன் துலூஸில் படிக்கிறான், பிரெஞ்சு அவன் பொறுப்பு. எனக்கு நாற்பத்தேழு வயது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மத்தியானம் தூங்கும் ரகம்.

சைக்கிளைப் பற்றி முதலில். நல்ல வண்டி. அலுமினிய ஃபிரேம், முன்னால் ஒரே பல்சக்கரம், டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டர் டயர். கடைக்காரர் என் உயரத்தை அளந்து சீட்டை வைத்துக்கொடுத்தார், அது நாலு நாளும் அசையவில்லை. ஆனால் டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார். முதல் நாள் தார்ப்பாதையில் பறந்தோம், ஒன்றும் தெரியவில்லை. மண்பாதை வந்ததும் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது. இரண்டாம் நாள் காலையில் நானே வால்வை அழுத்தி 38 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினேன், அப்புறம்தான் நானும் சைக்கிளும் சமாதானமானோம். கிராவல் சைக்கிள் என்று தனியாகப் பணம் கொடுத்து எடுப்பதே அகலமான டயருக்கும் குறைந்த காற்றுக்கும்தான். கெட்டியாக அடித்தால் சாதாரணச் சைக்கிளே போதுமே. இன்னொன்று, ட்யூப்லெஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அனுபவித்தோம்.

துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் கிட்டத்தட்ட முழுக்கத் தார்தான். கிராவல் எங்கே, காசைத் திருப்பிக் கொடு என்று தோன்றும். பொறுமை. லோராகே துறை என்று ஒரு இடம், நெடுஞ்சாலையில் போகிற கார்களும் கால்வாயில் போகிற படகுகளும் ஒரே ஓய்விடத்தில் நிற்கும் வேடிக்கையான இடம், அதைத் தாண்டினால் தார் முடிந்து மண்ணும் சரளையும் வரும். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் நோரூஸ். கம்பெனியின் குறிப்பில் இதற்கு ஒரே வரி: 'நிழலான இடம், இளைப்பாறலாம்'. அடப்பாவிகளா! இந்தக் கால்வாயின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், அட்லாண்டிக் பக்கத்தையும் மத்தியதரைக் கடல் பக்கத்தையும் ஒரு கால்வாயால் இணைக்க வேண்டும் என்று பல காலமாக ஆசை. தோண்டலாம், ஆனால் நடுவில் மேடு. மேட்டின் உச்சியில் தண்ணீர் இல்லாவிட்டால் படகு எப்படி ஏறும்? பியர் போல் ரிக்கே என்ற உப்புவரி வசூலிக்கிற மனுஷன், பொறியாளர்கூடக் கிடையாது, கருமலையின் ஓடைகளை மறித்துத் திருப்பி, சரிவு பார்த்து வாய்க்கால் வெட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரமுள்ள இந்த நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இங்கே வந்து சேருகிற தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே அட்லாண்டிக் பக்கம், இன்னொரு பங்கு கிழக்கே மத்தியதரைக் கடலுக்கு. 1666-ல் பதினாலாம் லூயி ஆணை போட்டார், 1681-ல் கால்வாய் திறந்தது, ரிக்கே 1680 அக்டோபரில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிச் சில மாதங்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் கட்டிய எண்கோணக் குளம் வண்டல் தூர்ந்து தரையாகி, இப்போது நடுவில் பிளேன் என்ற நிழல்மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை ஒன்று ஓடுகிறது. ஒரு மணி நேரம் அங்கே சுற்றினோம். அண்ணன் மகன் வாய்க்கால் பிரியும் இடத்தில் காய்ந்த இலைகளாகப் பொறுக்கிப் போட்டு எது எந்தக் கடலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான், பொறியியல் படிக்கிற பையன்.

அன்று ராத்திரி காஸ்தெல்னோதாரியில் பெட்டி வரவில்லை. போன் செய்தால், 'மன்னிக்கவும் மேடம், வேறொரு ஹோட்டலில் இறக்கிவிட்டோம்.' ஒன்பதரைக்கு வந்தது. அதுவரை வியர்வை உடுப்போடு ஹோட்டல் வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மாற்றுத்துணி ஒரு செட், மருந்து, சார்ஜர், இவை சைக்கிளிலேயே இருக்கட்டும். வேனை நம்பாதீர்கள்.

மறுநாள் நாற்பது கிலோமீட்டர்தானே என்று மெத்தனமாக இருந்தோம். காஸ்தெல்னோதாரி வரை வந்துவிட்டுக் கஸூலே சாப்பிடாமல் போவதா என்று பையன் அடம். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தோம் (இந்த ஊர்ப்பக்கம் இரண்டு மணி ஆனால் சமையலறையை மூடிவிடுவார்கள், அப்புறம் காசிருந்தாலும் சோறில்லை). வெள்ளை பீன்ஸ், வாத்துக்கால், பன்றி இறைச்சித் தொத்திறைச்சி எல்லாவற்றையும் கஸோல் என்ற வாயகன்ற மண்சட்டியில் போட்டு மணிக்கணக்காக அடுப்பில் வேகவைப்பது. மேலே படியும் பொருக்கை ஏழு தடவை உடைத்து உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். பீன்ஸ் நாக்கில் வெண்ணெயாகக் கரைகிறது, உடையவில்லை. ருசிக்கு நூறு மார்க். சைக்கிள் ஓட்டப்போகிறவர் சாப்பிடுகிற பண்டமா என்றால் பூஜ்யம். கிளம்பும்போது இரண்டரை மணி.

கிளம்பி எட்டாவது கிலோமீட்டரில் பஞ்சர். அவனுடைய பின்சக்கரம், கருவேல முள் மாதிரி ஒரு முள். கம்பெனி கொடுத்த பையைத் திறந்தால் பம்ப் இருக்கிறது, நெம்புகோல் இருக்கிறது, மாற்று ட்யூபும் இருக்கிறது, ஆனால் 26 அங்குலச் சக்கரத்துக்கானது. எங்கள் சக்கரம் 700 என்கிற அளவு, அதைவிடப் பெரியது. 'அத்தை, இது குழந்தை சைக்கிளுக்குப் போடுறது மாதிரி இருக்குங்க' என்றான். நல்லவேளை, பையின் அடியில் ஒட்டுப்போடும் டப்பா ஒன்று கிடந்தது. ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டுமே, காதில் வைத்தால் காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ட்யூபில் காற்றடித்துக் கரையில் குப்புறப் படுத்து கால்வாய்த் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே போனேன். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி, நூல் பிடித்தாற்போல வரிசையாகக் குமிழி. நம்மூர்ப் பஞ்சர் கடையில் இரும்புச் சட்டித் தண்ணீரில் செய்கிற அதே வேலைதான், இங்கே சட்டி யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, 1996-லிருந்து. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை காய்கிறவரை பொறுத்து ஒட்டினேன். அந்த நேரத்தில் நாங்கள் கொஞ்சம் முன்னால் முந்திய வாடகைப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமுள்ள படகு. மேல்தளத்தில் இருந்த பாட்டி கையசைத்தார்.

இப்படியாகக் கார்கசோன் போய்ச் சேர ஆறரை. கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையும் மதில் நடையும் மூடியாகிவிட்டது. ஊருக்குள் நுழைய டிக்கெட் வேண்டியதில்லை, தெருக்களில் சுற்றினோம், இரண்டு சுற்று மதில், 52 கோபுரம், சாயங்கால வெளிச்சத்தில் அழகுதான். ஆனால் அடுத்த நாள் 60 கிலோமீட்டர், காலை எட்டரைக்குப் பெட்டி வேனுக்குத் தயாராக இருக்க வேண்டும். இதுதான் இந்தச் சேவையின் மேல் எனக்குள்ள பெரிய குறை, பெட்டி ட்யூப் எல்லாம் அப்புறம்தான். தினசரி தூரத்தை யாரோ வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கால்வாய் தட்டை, நாளுக்கு அறுபது கிலோமீட்டர் ஒரு விஷயமே இல்லை, சரி. ஆனால் நின்று பார்க்கத்தானே வருகிறோம்? கார்கசோனில் இரண்டு ராத்திரி போட்டே ஆக வேண்டும். கூடுதல் காசு கொடுத்தாவது கேளுங்கள். இந்தக் கோட்டையை 1849-ல் இடித்துவிடலாம் என்றே அரசு முடிவெடுத்து, உள்ளூர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றி, வியோலே-லெ-டூக் என்ற கட்டடக் கலைஞர் 1853-லிருந்து புதுப்பித்ததாம். கோபுரங்களுக்கு அவர் போட்ட கூம்புக் கூரை வடக்கத்திப் பாணி, தெற்குக்குப் பொருந்தாது என்று இன்றும் சண்டை. எனக்கென்னவோ அந்தக் கூரைகள் பிடித்திருந்தது. சொன்னால் அடிக்க வருவார்கள். கால்வாய் முதலில் இந்த ஊரைத் தொடாமலே போனது, செலவில் பங்கு கொடுக்க மாட்டோம் என்று ஊரார் மறுத்துவிட்டதால். அப்புறம் வருத்தப்பட்டு 1810-ல்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் அசல் கிராவல். பாதை பல இடங்களில் ஒற்றையடித்தடமாகக் குறுகி, மர வேர்கள் முதுகெலும்பு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். இங்கே மெலிந்த டயரோடு வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தோம். கம்பெனியின் குறிப்பில் 'எல்லோருக்கும் ஏற்ற சுலபமான பாதை' என்று எழுதியிருக்கிறது. முதல் நாளுக்கு அது உண்மை. மூன்றாம் நாளுக்கு எழுதியவர் வந்ததில்லை போல. போதாக்குறைக்கு மரான் என்கிற கடற்காற்று எதிரே. செர்ஸ் என்கிற மேற்குக்காற்று அடித்தால் முதுகில் தள்ளிக்கொண்டே போகும் என்றார்கள், எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது மரங்கள்தான். போட்டோக்களில் பார்க்கிற அந்தப் பச்சைக் கூடாரம் பல கிலோமீட்டருக்கு இல்லை, வெட்டவெளி. பிளேன் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய், இந்தக் கால்வாயில் 2006-ல் கண்டுபிடித்தார்கள், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகைகளோடு பிரான்சுக்குள் வந்தது என்கிறார்கள். மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. 42,000 மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. புதிதாக வேறு வகைக் கன்றுகள் நட்டு முட்டுக்கொம்பு கட்டியிருக்கிறார்கள், தோள் உயரம்கூட இல்லை. ஆகவே தொப்பி, தண்ணீர். இரண்டு பாட்டில் போதவில்லை. அப்போது எதிரே வந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், எந்தக் கிராமத்திலும் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், 'குடிக்கத் தகாதது' என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள் என்று. பையன் முதலில் உள்ளே வரவே மாட்டேன் என்றான். தாகம் வந்ததும் வந்தான்.

ராத்திரி லெ சொமாய். கூன் விழுந்த பழைய கல்பாலம், சின்னச் சர்ச், பழைய புத்தகக் கடை, தண்ணீரில் விளக்கு வெளிச்சம். ஹோட்டல் தேர்வுக்காகக் கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம் இங்கே கூட்டிப் போடுகிறேன்.

கடைசி நாள் நாற்பது கிலோமீட்டர், அதில் பாதி நேரம் ஒரு குன்றில் போனது. மல்பாஸ் சுரங்கத்தில் கால்வாய் 165 மீட்டர் மலைக்குள்ளேயே போகிறது. அதே குன்றுக்குள் அடியில் ரயில் சுரங்கம் ஒன்று, அதற்கும் அடியில் 13-ஆம் நூற்றாண்டில் சதுப்புநிலத்தை வடிக்க வெட்டிய வடிகால் ஒன்று. சைக்கிளை மேலே ஏற்றி, ஆன்செரூன் குன்றின் உச்சிக்குப் போனால் அந்த வடித்த நிலம் முழுசாகத் தெரியும். மொந்தாதி. நடுவில் ஒரு புள்ளி, அதை நோக்கி எல்லா வயல் வரப்பும் வாய்க்காலும் ஓடுகின்றன, சக்கரத்துக் கம்பிகள் மாதிரி. 1247-ல் தொடங்கிய வேலை, இன்னும் அதே கோடுகளில் உழுகிறார்கள். ஏற்றம் மூச்சு வாங்கும், கம்பெனி வரைபடத்தில் இந்தத் திருப்பமே இல்லை. தவறவிடாதீர்கள்.

பெசியேக்கு முன்னால் ஃபோன்செரான் எக்ளூஸ்கள். எக்ளூஸ் என்பது படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்குகிற கல்தொட்டி. இங்கே எட்டுத் தொட்டி படிக்கட்டாக அடுக்கி, 21.5 மீட்டர் இறங்குகிறது. தொட்டிகள் முட்டை வடிவம். முதலில் நேர்ச்சுவராகக் கட்டியது மண் அழுத்தத்தில் சரிந்துவிட்டதால் ரிக்கே வளைத்துக் கட்டினாராம். ஒரு படகு முழுக்க இறங்குவதை வேலியில் சாய்ந்து பார்த்து முடித்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் டயரை அமுக்கிப் பார்த்தார், ஒட்டு தாங்கியிருந்தது, நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தார். இரண்டு நாள் கழித்து முன்பணம் திரும்பி வந்தது, எட்டு யூரோ குறைவாக. காரணம்: பையில் மாற்று ட்யூப் காணவில்லை. அந்த 26 அங்குல ட்யூபை காஸ்தெல்னோதாரி தாண்டி ஒரு குப்பைத்தொட்டியில் கோபத்தில் வீசியது நான்தான்.