பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியை மாற்றப்போகிறவர்கள் கவனத்திற்கு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. திண்ணையும் முற்றமும் கொண்ட அந்த வீட்டின் கூடத்துக்கு மேலிருந்த, மரக்கட்டைகள் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடியைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் நான் பணத்தையும் இழந்தேன், அதைவிட மதிப்புள்ள மரத்தையும் இழந்தேன். இந்தப் பகுதியில் இத்தகைய மாடிகள் இன்னும் பல இருப்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

2024 கோடையில் கூடத்தின் ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது. இரண்டு கட்டைகளின் நுனி சுவருக்குள் உளுத்திருந்தது. பார்க்க வந்தவர், வைசியாள் வீதிச் சீரமைப்பில் தாம் வேலை செய்ததாகச் சொன்னார். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்ற வேலை அது என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதுமே நம்பிவிட்டேன். அந்தப் பணியில் பங்கேற்ற, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இந்த ஊரிலேயே இருக்க, அங்கே போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. மாடி முழுவதையும் பிரித்து, பழைய முறையிலேயே சுண்ணாம்பில் கட்டித் தர 6,40,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். தாளில் இருந்தது ‘மாடி வேலை, பொருள் கூலி உட்பட’ என்ற ஒற்றை வரிதான்.

பிரித்த இரண்டாம் நாள், “எல்லாம் கரையான் அரிச்சதும்மா, விறகுக்குக்கூட ஆகாது” என்று சொல்லி முப்பத்தெட்டுக் கட்டைகளையும் இடிபாட்டோடு ஏற்றி அனுப்பிவிட்டார். தாத்தா காலத்துப் பர்மா தேக்கு அது. நான் கண்ணால் பார்த்த பழுது இரண்டு கட்டைகளில் மட்டுமே. மற்றவற்றை ஏன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நுனி மட்டும் கெட்ட கட்டைக்குச் சுவரோரம் தாங்கல் கொடுத்தோ, கெட்ட பகுதியை அறுத்து நல்ல மரத்தை இணைத்தோ பிழைக்க வைக்க முடியும் என்பதைப் பிறகு வந்த ஆசாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய தேக்குக்கு இந்த ஊரில் எப்போதும் வாங்க ஆள் உண்டு. எனக்குச் சொன்ன தொகையில் பாதியாவது அந்த வண்டியிலேயே அவருக்குக் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்த ஏமாற்று மாடியின் மேலேயே நடந்தது. இந்த முறையில் ஓரடிக்கு ஒன்றாகக் கட்டைகளைப் பரப்பி, ஓர் அங்குலத் தடிமனுள்ள சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்து மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கை வலிக்க நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கிய பிறகே தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். எங்கள் வீட்டில் தட்டும் சத்தமே கேட்கவில்லை. ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. சுண்ணாம்பு எங்கே என்று கேட்டபோது, சாந்தில் கலந்தாகிவிட்டது என்றார்கள். ஆனால் வாசலில் கிடந்தவை சிமென்ட் மூட்டைகள். மேலே நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனப் பூச்சு பூசி, ஓடு பதித்து, கடைசித் தவணையை ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு மழையில் எந்த மாடியும் சற்றுக் கசியத்தான் செய்யும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் மழை விட்டு மூன்று வாரமாகியும் கூடத்தின் உட்கூரை காயவில்லை. மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சற்றே அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு ஓரளவு இடம்கொடுக்கும், உள்ளே போன ஈரத்தையும் மெல்ல வெளியே விடும். விறைப்பான சிமென்ட் அந்த அசைவில் விரிசல் விடுகிறது. விரிசல் வழியே இறங்கிய தண்ணீர், மேலே பூச்சு அடைத்திருப்பதால் திரும்ப வழியில்லாமல் மரத்தில்தான் போய்த் தங்குகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுவே.

பொங்கல் முடிந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்தேன். புதிய கட்டை ஒன்றின் ஓரத்தை உளியால் செதுக்கியவர், “தேக்கு இல்லம்மா இது. சாயம் போட்ட நாட்டு மரம்” என்றார். அடுத்த கோடைக்குள் அந்தக் கட்டைகளிலிருந்து கூடத்தின் தரையில் மாவு கொட்டத் தொடங்கியது.

இப்படி வேலை தொடங்கப்போகிறவர்கள், பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு கட்டைக்கும் எண் எழுதிப் படம் எடுத்து, கழிக்கப்படும் மரமும் ஓடும் வீட்டுக்காரருக்கே சேரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கட்டை கெட்டதா என்பதை, வேலையை எடுப்பவரிடம் கேட்காமல், அதில் பங்கில்லாத ஓர் ஆசாரியிடம் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை என்று சொன்னால், நீற்றிய சுண்ணாம்பு எங்கே ஊறுகிறது என்பதைத் தொடங்கும் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தே தீரவேண்டும் என்றால் கையெழுத்து இல்லாமல் கொடுக்காதீர்கள். என்னிடம் வங்கி வழியாகப் போன முதல் தவணைக்கு மட்டுமே ஆதாரம் இருக்கிறது.

அந்த ஆதாரத்தையும், ஆசாரி எழுதிக்கொடுத்த குறிப்பையும், விரிசல்களின் படங்களையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், காலம் கடத்தவில்லை. இப்போது கூடத்தின் ஒரு பாதியை மறுபடியும் பிரித்திருக்கிறோம். கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. வேறொரு வீட்டை இடித்தபோது வந்த பழைய தேக்குக் கட்டைகள் பன்னிரண்டை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். மீதி இருபத்தாறுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.