வீட்டு டிவிடியில் இல்லாத பூட்டைத் திறக்கக் காசு கேட்கிறார்கள், உஷார்!

பழைய குடும்ப வீடியோ டிவிடிகளைக் கணினியில் ஏற்றப் போகிறவர்கள், எந்த சாஃப்ட்வேருக்கும் காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேம்கார்டரிலும் டிவிடி ரெக்கார்டரிலும் பதிவு செய்த தட்டுகள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. டிவிடி-ஆர் தட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வருடம் போகப் போக அது கெட்டுப்போகும். அதற்குள் காப்பி எடுத்துவிடலாம் என்று தேடியபோது, விளம்பரத்தில் முதலாவதாக வந்த சாஃப்ட்வேரை இறக்கினேன். தட்டைப் போட்டதும் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு: இந்த டிஸ்க் பூட்டப்பட்டுள்ளது, முழுப் பதிப்பை வாங்கினால்தான் திறக்கும்.

பச்சைப் பொய். சிஎஸ்எஸ் என்னும் பூட்டு, அச்சடித்து விற்கும் சினிமா டிவிடிகளுக்கானது. நாம் எழுதும் சாதாரண டிவிடி-ஆரில் அந்தப் பூட்டுக்கான சாவியைப் பதிகிற பகுதியில் எதையும் எழுத முடியாதபடி செய்துதான் தட்டையே தயாரிக்கிறார்கள். ஆனாலும் பணம் கட்டியதும் 'பூட்டு நீங்கியது' என்று பச்சை எழுத்தில் வந்தது. இல்லாத பூட்டு நீங்குவதில் என்ன சிரமம்!

'அசல் தரம் மாறாத காப்பி' என்பது அவர்கள் விளம்பர வாசகம். கிட்டத்தட்ட 4.7 ஜிபி வரை நிரம்பிய தட்டு, 600 எம்பி கோப்பாக வெளியே வந்தது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் ஏற்கெனவே சுருக்கிய வீடியோ. அதை மறுபடி சுருக்காமல் இவ்வளவு சின்னதாக்க வழியே இல்லை. யாராவது கையை வீசினால் விளிம்பெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள். ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாக இரண்டு பாதியாகப் பதிவதுதான் இன்டர்லேஸ். அதைச் சரிசெய்யாமல் அப்படியே மாற்றியதன் விளைவு அது. பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகலத்திரை வடிவமான 16:9 ஆக இழுத்து, எல்லோர் முகத்தையும் ஊத வைத்திருந்தார்கள். எரிச்சலின் உச்சம் இன்னொன்று. டிவிடி வீடியோவை விஓபி கோப்புகளாக, ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல், துண்டு போட்டுத்தான் வைத்திருக்கும். அந்தத் துண்டுகளைச் சேர்க்காமல் தனித்தனி வீடியோவாக மாற்றியதால், பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் தட்டில் கீறல் இருக்கிறது என்று பதில். அதே தட்டு விஎல்சி என்னும் வீடியோ பிளேயரில் தடங்கலின்றி ஓடுவதைப் படம்பிடித்து அனுப்பினேன். இன்டர்லேஸை நீக்கும் வசதி மேல்பதிப்பில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அத்துடன் ஆண்டுதோறும் தானாகப் பணம் பிடிக்கும் சம்மதப் பெட்டியில், பணம் கட்டும் பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்டே வைத்திருக்கிறார்கள். அதை ரத்து செய்ய அவர்கள் தளத்தில் பொத்தான் கிடையாது. வங்கியில் சொல்லி நிறுத்தினேன். கட்டிய பணத்துக்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இத்தனைக்கும் வேலை மிகச் சுலபம். தட்டைக் கணினியில் திறந்தால் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் காப்பி முடிந்தது. தரம் இம்மியும் குறையாது, விஎல்சி அந்த ஃபோல்டரையே ஓட்டும். ஒரே கோப்பாக வேண்டுமென்றால் மேக்எம்கேவி என்னும் சாஃப்ட்வேர், படத்தை மறுபடி சுருக்காமல் சேர்த்துத் தரும். டிவிடிக்கு அது இலவசம். அளவைக் குறைக்க ஹேண்ட்பிரேக் என்னும் சாஃப்ட்வேர். அதுவும் இலவசம், மேல்பதிப்புக்குக் காசு கேட்டார்களே, அந்த இன்டர்லேஸ் நீக்கமும் அதிலேயே இருக்கிறது. சுருக்கிய கோப்பு கையில் இருக்கிறதென்று மூல ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இதே பெயரில் விளம்பரத்தில் வரும் போலிகளும் உண்டு.

ஒரு தட்டை மட்டும் கணினி 'காலி' என்று காட்டியது. அதற்கு 'மீட்புத் தொகுப்பு' என்று தனியாக ஒரு விலை சொன்னார்கள். பதிவு முடிந்தபின் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல், விட்ட தட்டு அது. பதிவு செய்த அதே ரெக்கார்டரில் போட்டு, மெனுவில் ஃபைனலைஸ் கொடுத்தேன். திறந்துகொண்டது.