டாக்வுட் மரம் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

340 டாலர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேற்று மதியத்திலிருந்து மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

நாங்கள் இருப்பது வட கரோலினா, ராலே பக்கம். 1941 முதல் டாக்வுட்தான் இந்த மாநிலத்தின் பூ. ஏப்ரலில் தெருவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிற்கும். நாம் இதழ் என்று நினைக்கிற நான்கும் இதழே இல்லை, ஒரு வகை இலைதான். நடுவில் கடுகைக் குவித்து வைத்ததுபோல மஞ்சள் பச்சையாக இருப்பதுதான் பூ. எட்டு வருஷம் அடுத்த வீட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன நவம்பரில் நாமும் ஒன்று வைத்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே குடும்பமாக நடத்துகிற ஒரு நர்சரி. விற்றவர் பெரியவர், பேச்சும் பதமாக இருந்தது. ஒரு கிளையை வளைத்து என் மகளிடம் காட்டினார். நுனியில் குட்டி வெங்காயம் மாதிரி சாம்பல் நிற மொட்டுகள். "உருண்டையாக இருப்பது பூ மொட்டு, கூராக இருப்பது இலை மொட்டு. எண்ணிக்கொள் பாப்பா, ஏப்ரலில் அத்தனையும் பூ" என்றார். அவள் எண்ணினாள், 31. அங்கேயே விழுந்துவிட்டேன். மொட்டைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் கொடுமை.

மரம், வண்டி, நடுகிற கூலி, ஒரு வருஷ உத்தரவாதம், எல்லாம் சேர்த்து 340 டாலர். இரண்டு பையன்கள் வந்து இருபது நிமிஷத்தில் நட்டுவிட்டு, அடிமரத்தைச் சுற்றி மரச்சக்கையைக் கோபுரமாகக் குவித்துவிட்டுப் போனார்கள். நான் போட்டோ எடுத்து அம்மாவுக்கு வேறு அனுப்பினேன்.

இந்த ஏப்ரலில் மொட்டுகள் பாதி திறந்து அப்படியே கருகின. நர்சரிக்கு போன் போட்டால், தண்ணீர் அதிகம், குறையுங்கள் என்றார்கள். குறைத்தேன். இலை ஓரம் காய்ந்தது. மறுபடி போன், இந்த முறை வேறு ஒருவர், தண்ணீர் போதவில்லை என்றார்! போட்டோ அனுப்பினேன், பதிலே இல்லை.

கடைசியில் அடுத்த வீட்டு அம்மாதான் வந்து பார்த்து, "அடிமரம் விரிந்து வேராகிற இடம் வெளியே தெரிய வேண்டுமே, எங்கே?" என்று கேட்டார். தோண்டினேன். முக்கால் சாண் ஆழத்தில் இருந்தது. அதன் கழுத்தில் பச்சை நைலான் கயிறு, பட்டைக்குள் பதிந்துபோய். வேர்ப்பந்தைச் சுற்றிய பிளாஸ்டிக் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. எங்கள் ஊர் செங்களிமண்ணில் அந்தக் குழி அண்டா மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது, சாக்கடை நாற்றம். டாக்வுட்டின் வேர் மேலாக ஓடுவது. தண்ணீர் தேங்கினால் அழுகிப் போகும்.

நேற்று இதையெல்லாம் சொன்னதும் வந்த பதில்: "நீங்களே தோண்டிவிட்டதால் உத்தரவாதம் செல்லாது." நட்டது அவர்கள் ஆட்கள், கயிறு அவர்களுடையது, 340 டாலர் மட்டும் என்னுடையது!

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. நடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கயிறும் சாக்கும் வெளியே வராமல் மண் தள்ள விடாதீர்கள். மரச்சக்கை அடிமரத்தைத் தொடக் கூடாது. உச்சி வெயில் படாத இடமாகப் பாருங்கள். அப்புறம் உத்தரவாதச் சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள், நான் படிக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிடுவாராம். கயிற்றைக் கழுவாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.