பழைய ரேஸ் காரை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன்

பழைய ரேஸ் காரைப் புதுப்பிக்க எங்காவது விடப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நான் பட்டது நீங்களும் பட வேண்டாம்.

எங்களுடையது பெரியப்பாவின் ஃபியட் 1100. சோழவரத்தில் ஓடிய வண்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றாலே சோழவரம்தான். வெறும் 1,089 சிசி இன்ஜின். பெரியப்பா அதன் மேல்மூடியான அலுமினிய ஹெட்டைச் சீவி, வண்டி வேகமெடுக்க கம்ப்ரெஷனை ஏற்றியிருந்தார். காற்றும் புகையும் போய்வரும் போர்ட்டுகளை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையாலேயே தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார். கதவில் பிரஷ்ஷால் அவர் எழுதிய 14, மேல் பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும்.

"ஆறே மாசம் சார், ஷோரூம்ல எடுத்த மாதிரி தர்றேன்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். நம்பி முக்கால்வாசிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் இழுத்தடித்தார்.

வண்டி பளபளவென்றுதான் வந்தது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி கதவின் அடிப்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் விழுந்தது. துருவை வெட்டியெடுத்துத் தகடு வைக்காமல், பட்டிப் பசையை அப்பி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்த 14-ஐயும் தேய்த்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. ஏதோ டாக்ஸியில் ஓடித் தேய்ந்த இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், "பழசு கிராக் சார், காயலான் கடைக்குப் போயிடுச்சு" என்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டியை விடும் அன்றே இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும், உடைந்ததானாலும், சாக்கில் கட்டித் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிரைமர் அடிக்கும் முன் நேரில் போய் வெறும் தகட்டைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். பழைய எண், பழைய எழுத்து எதுவும் கதவில் இருந்தால் அதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஹெட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் உளியால் "ரா" என்று கொத்தியிருக்கும். எந்த மெக்கானிக் கடையிலாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.