தாயக்கட்டையா, பிரவுசரா? வேலூரில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடுவதுதான் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ். விஐடி-க்கு விடுமுறை விட்டால் காட்பாடிப் பக்கம் ஆட்டக் குழு பாதியாகிவிடும். படிப்பு முடித்தவர்கள் சென்னை, பெங்களூர் என்று கிளம்பிவிடுவார்கள். ஆன்லைன் ஆட்டத்தின் தேவை அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து பேரும் ஊரிலேயே இருந்தால் சாப்பாட்டு மேசை போதும், செலவும் குறைவு.

விதிகளுக்குக் காசு வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். முழுவதையும் பிரிண்ட் போடாதீர்கள். சண்டை, மந்திரம், ஆடுகிறவர்களின் வகுப்பு (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) ஆகிய பக்கங்கள் மட்டும் போதும்.

சிக்கல் பகடையில்தான். 4, 6, 8, 10, 12, 20 பக்கங்களோடு 1 முதல் 100 வரை போட இன்னொரு பத்துப் பக்கப் பகடை, ஆக ஏழு வேண்டும். வீட்டுத் தாயக்கட்டை இருந்தால் நாலு பக்கப் பகடை கையில் இருக்கிறது: வெற்றுப் பக்கத்தை 4 என்று எடுங்கள். இருபதுக்கு ஒரு பத்துப் பக்கப் பகடையும் லூடோ பகடையும் போதும். லூடோவில் 1 முதல் 3 விழுந்தால் பத்தின் எண் அப்படியே. 4 முதல் 6 என்றால் பத்தைக் கூட்டுங்கள். பத்தில் 0 விழுந்தால் அது 10. தாயம் ஆடிப் பழகியவர்கள் ஒன்று விழுந்ததும் துள்ளுவார்கள். இங்கே எதிரியைத் தாக்கும்போது இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் அடி கட்டாயம் தவறும்.

வரைபடத்துக்குச் சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டங்கள். ஒரு கட்டம் ஐந்து அடி. லேமினேட் செய்தால் ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம். மே மாத வேலூரில் ஃபேனை நிறுத்தி ஆட முடியாது, அட்டைக் காய்கள் பறக்கும். அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்கள், கட்டத்துக்குள் அடங்கும்.

1806 சிப்பாய்ப் புரட்சியை வைத்துக் கதை அமைப்பவர்கள் கோட்டையை அப்படியே வரையப் பார்ப்பார்கள். 133 ஏக்கரைச் சதுரமாக நினைத்தால் பக்கத்துக்குச் சுமார் 2,400 அடி. அங்குலத்துக்கு ஐந்து அடி என்றால் 40 அடி நீளத் தாள் வேண்டும்! கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்: 480 கட்டம், கட்டத்துக்கு 100 பிக்சல் என்றால் 48,000 பிக்சல் படம், பிரவுசர் திணறிவிடும். அங்குலத்துக்கு 120 அடி என்று 20 அங்குலத்தில் முழுக்கோட்டையையும் அகழியையும் ஒரு படமாகப் போடுங்கள். சண்டை நடக்கும் வாயிலை மட்டும் தனியே பெரிதாக்குங்கள்.

ஆன்லைனில் வரைபடம், காய், பகடை எல்லாம் பிரவுசரிலேயே தரும் ரோல்20 தளம் தொடங்க எளிது. கணக்குத் திறந்து லிங்க் அனுப்பினால் ஆடலாம். இலவசக் கணக்கில் படம் வைக்க இடம் குறைவு என்பதுதான் குறை. அதே வேலைக்கான ஃபவுண்ட்ரி மென்பொருள் 50 டாலர், ஒரே தடவை. நடத்துகிறவர் மட்டும் வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் வருவார்கள். சண்டைக் கணக்கை அது போடுகிற அழகுக்கே காசு தகும். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஓடுவது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வழிவிட ரவுட்டரில் 30000 போர்ட்டைத் திறந்தும் நண்பர்கள் உள்ளே வர முடியவில்லையா? ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம், போர்ட் திறந்து பயனில்லை. இணைப்பு தருபவரிடம் ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) கேளுங்கள், அல்லது கம்ப்யூட்டர்களைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேலை எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தின் எடையையும் பாருங்கள். 8 எம்பி வரைபடம் நான்கு பேருக்குப் போக, 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 26 விநாடி ஆகும். வெப்பி (WebP) என்ற பட வடிவில் 1 எம்பிக்குச் சுருக்கினால் மூன்று விநாடி சொச்சம்.

பேச்சுக்கு டிஸ்கார்டு ஆப். ஃபேன் இரைச்சலுக்கு அதிலுள்ள நாய்ஸ் சப்ரஷனைப் போட்டும் அடங்காவிட்டால் புஷ்-டு-டாக், அதாவது பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக் திறக்கும். கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. 12 வோல்ட் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டு ஃபவுண்ட்ரியைப் பற்றி யோசியுங்கள்.