பாரிமுனையில் ‘ஜப்பான்’ காலிப்பர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

அம்பத்தூரில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். போன மாதம் ஒரு பம்ப் கம்பெனிக்கு 600 பித்தளை புஷ் (நடுவில் துளையுள்ள சின்ன உருளை) கடைந்து கொடுத்தேன். டிராயிங்கில் வெளிவிட்டம் 16.00 முதல் 16.05 மி.மீ. வரை. ஒவ்வொன்றையும் பாரிமுனையில் வாங்கிய புது டிஜிட்டல் காலிப்பரின் (இரண்டு தாடைக்கு நடுவே பிடித்து அளவு பார்க்கும் கருவி) தாடையில் பிடித்துப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டோம். 16.02, 16.03 என்றுதான் காட்டியது.

நான்காம் நாள் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் எதுவும் பேசவில்லை. ஒரு புஷ்ஷை எடுத்து, அது உட்கார வேண்டிய ஹவுசிங்கின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினார். பிரஸ்ஸில் வைத்து அழுத்தி இறக்க வேண்டியது, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காலிப்பரைவிட நுணுக்கமாக அளக்கும் அவருடைய மைக்ரோமீட்டரில் 15.95. மொத்தம் 410 புஷ் திரும்பி வந்தது. பெரிதாக இருந்தால் மறுபடி கடைந்துகொள்ளலாம், சின்னதாகிவிட்டால் காயலான் கடைதான். இருபது கிலோவுக்கு மேல் பித்தளை ராடு போச்சு. கூலியும் கரண்டும் தனி.

காலிப்பர் மீது எனக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. பட்டறையில் வேலை செய்யும் பையன் அளந்ததில்தான் ஏதோ தப்பு என்று அவனைத் திட்டினேன். பாவம்.

உண்மையைப் பிடித்தது டெக்சாஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மச்சான். அவனுக்கு அங்கே ரிவால்வர் சுடுவது பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கேஸைச் சுத்தம் செய்து, அளந்து, மறுபடி நிரப்புவான். (நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஒரு காலிக் கேஸைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்காதே என்று முன்பே சொல்லியிருந்தேன்.) அவன் நிரப்பும் .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கேஸ் நீளம் அதிகபட்சம் 1.155 அங்குலம், அதாவது 29.3 மி.மீ. நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கேஸின் வாயை மடக்கும் கிரிம்ப் ஒன்றில் இறுகும், இன்னொன்றில் தளரும். தளர்ந்ததில் குண்டு அதிர்ச்சிக்கு முன்னால் நகர்ந்து சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளுமாம். அதனால் அளக்க உட்காரும்போதெல்லாம் முதலில் காலிப்பரைச் சோதிப்பது அவன் பழக்கம்.

“மாமா, இதைக் கொடுங்க” என்று வாங்கினான். மூடி சீரோ வைத்தான். விருட்டென்று இழுத்து, விருட்டென்று மூடினான். 0.00. மறுபடி செய்தான். 0.03. இன்னொரு முறை, 0.07! மூடிய தாடையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். நுனியில் மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் பக்கத்துப் பட்டறையில் 25 மி.மீ. ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த சோதனைக் கட்டை) கடன் வாங்கி வந்து பிடித்தோம். 25.07. எத்தனை வேகமாக இழுத்தாலும் சீரோ மாறாது என்பதுதான் ஜப்பான் கம்பெனியான மிட்டுடோயோவின் ஒரிஜினல் ஆப்சல்யூட் மாடலின் பெருமையே. என்னுடையதிலும் அந்த ‘ஆப்சல்யூட்’ எழுத்து அழகாக அச்சடித்திருந்தது! பேட்டரி ஒரே மாதத்தில் தீர்ந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரிஜினலில் வருஷக்கணக்கில் ஓடும்.

வாங்கியது பாரிமுனையில், லிங்கிச் செட்டித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. மிட்டுடோயோ என்று பெட்டியில் போட்டிருந்தது. டீலரிடம் 7,200 ரூபாய் கேட்டார்கள், இங்கே 3,900. “கண்டெய்னர் சரக்கு சார், நேரா ஜப்பான்” என்றார் கடைக்காரர். ஆசை யாரை விட்டது? ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் இன்னும் குறையும் என்று சொன்னதற்கும் தலையாட்டினேன். அது முழுக்க என் தப்பு.

திரும்பக் கொண்டுபோனேன். கீழே போட்டிருப்பீர்கள் என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்திருப்பீர்கள், பித்தளை சூட்டில் விரியும் என்று எனக்கே பாடம் எடுத்தார். விரியும்தான். 16 மி.மீ. பித்தளை முப்பது டிகிரி சூடானால் 0.01 மி.மீ. அளவுக்குக்கூட விரியாது. எனக்குப் போனது 0.07. கணக்கை அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். அடுத்த கஸ்டமரைப் பார்த்து “சொல்லுங்க சார்” என்றார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம் என்று, பில்லுக்குப் பதிலாக அவர் கொடுத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ‘டிஜிட்டல் காலிப்பர் – 1’ என்று மட்டும் இருந்தது. பிராண்டும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்னவென்று புகார் கொடுப்பது?

இப்போது அங்கீகாரம் பெற்ற டீலரிடம் மைக்ரோமீட்டர் ஒன்று பில்லோடு வாங்கியிருக்கிறேன். 0.05 மி.மீ. இடைவெளிக்குள் நிற்க வேண்டிய வேலைக்குக் காலிப்பரை மட்டும் நம்பியதே தப்பு என்று இன்ஸ்பெக்டரும் சொன்னார், மச்சானும் சொன்னான். நேற்று அந்தத் தெரு வழியாகப் போனேன். கண்ணாடி அலமாரியில் அதே பெட்டிகள், மூன்று.